சாட்சி இறந்துவிட்டால் ஒப்பந்தம் செல்லுமா?

1. சிங்கப்பூர், தெம்பனிஸில் குடியிருக்கும் செல்வகணபதி ஆகிய நான் ஒரு வழக்குரைஞன். வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பத்திரம் எழுதித் தருவது என் தொழில்.

2. நான் உமாவின் கணவன். தர்ஷினி என்னும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் தகப்பன்.

3. இம்மடல் என் நண்பனுக்கு உரியது. சட்டக் கல்லூரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன். சென்ற ஆண்டு காலமானவன். அவன் பெயரை எழுதாமல் விடுகிறேன். அவனை அறிந்தவர்களுக்கு அது தேவைப்படாது.

4. கீழே வருவனவற்றுள் நானே கண்டவை உண்டு; என் மகள் சொல்லி அறிந்தவையும் உண்டு. எது எதுவென்று அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன். ஐயம் உள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதியிருக்கிறேன்.

இன்று காலை பால் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். கதவில் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய ஒப்பந்தத் தாளிலிருந்து ஏதோ உதிர்ந்து என் கால் மேல் விழுந்தது. குனிந்து பார்த்தால், நீ கொண்டுவந்த சிவப்பு முத்திரை. ஓரம் முழுவதும் ரம்பப்பல் போல வெட்டியிருக்குமே, பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை ஒட்டி நாம் ஒட்டுவோமே, அந்த வட்டத் தாள். பசை காய்ந்துவிட்டிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் கதவை மூடக்கூட மறந்து நின்றுவிட்டேன்.

அது ஒட்டப்பட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். தர்ஷினி தொடக்கப்பள்ளியை முடித்து உயர்நிலைப்பள்ளிக்குப் போகவிருந்த விடுமுறை. அவளுக்குக் கைப்பேசி வாங்கித் தருவதா, வேண்டாமா என்று நானும் உமாவும் பல வாரங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். கொடுத்தால் என்ன ஆகும் என்று அஞ்சினோம். கொடுக்காவிட்டால் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாமல் போகும். வீட்டுப்பாடம்கூட அதன் வழியாகத்தான் வருகிறது. யாரைக் கேட்டாலும் உறுதியான பதில் இல்லை. கொடுத்தவர்கள் கொடுத்திருக்கக் கூடாதோ என்றார்கள். கொடுக்காதவர்கள் கொடுத்திருக்கலாமோ என்றார்கள். நம் பெற்றோர்கள் நம்மை வளர்த்தபோது, தங்கள் பெற்றோர்கள் செய்ததைப் பார்த்துச் செய்தார்கள். எனக்கு முன்னால் அப்படி ஒரு முன்தீர்ப்பு இல்லை. முன்தீர்ப்பு இல்லாத இடத்தில் என்னைப் போன்றவன் என்ன செய்வானோ, அதையே செய்தேன். உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினேன்.

நீ சுவா சூ காங்கிலிருந்து தீவின் மறுகோடிக்கு ரயிலேறி வந்தாய். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். உமாவுக்கு அன்று சாங்கி விமான நிலையத்தில் பகல் பணி. வரவேற்பறையில் நாம் மூவர் மட்டும் இருந்தோம். நீ தாளை வாங்கிப் படித்தாய். படிக்கப் படிக்க உன் மீசைக்கடியில் சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று.

"மைனர்கூட ஒப்பந்தமா? எந்தக் கோர்ட்லடா நிக்கும் இது?"

"வீட்ல நிக்கும்," என்றேன்.

"தர்ஷினி, உனக்கு ஒரு நல்ல லாயர் வேணும் லா. உங்கப்பா உன்னை எழுத்துலயே கட்டிப் போட்டுட்டாரு," என்றாய், உன் பேச்சில் எப்போதும் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிங்கப்பூர் 'லா'வோடு.

"அப்ப நீங்களே எனக்கு லாயரா இருங்க மாமா."

"முடியாது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காரு. ஒரே ஆளு ரெண்டு வேலை பார்த்தா உங்கப்பாவே அப்ஜெக்‌ஷன் சொல்வாரு."

பிறகு உன் விரல் ஏழாவது விதியில் வந்து நின்றது. அதை நான் பெருமையோடு எழுதியிருந்தேன் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 'கைப்பேசியின் வழியாக எவ்விதச் சிக்கல் நேரினும், அது தர்ஷினியின் தவறாயினும் பிறர் தவறாயினும், கைப்பேசி உடனே திரும்பப் பெறப்படும்.' நுழைந்து தப்ப ஓர் ஊசிமுனை இடமும் இல்லாத வாசகம்.

"இதை எடுத்துடு," என்றாய்.

"காரணம் சொல்லு."

நீ தர்ஷினியைப் பார்த்தாய். அவள் எதிரில் சொல்ல விரும்பவில்லை போலும். "சரி, இருக்கட்டும்," என்று பேனாவைத் திறந்தாய். அப்போது அவள், கையெழுத்துப் போடப்போகும் எவரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"மாமா, ஏதாச்சும் பிரச்சினைன்னு உங்ககிட்ட சொன்னா, அப்பாகிட்ட சொன்ன மாதிரி ஆயிடுமா?"

"ஆகாது. நான் சாட்சி லா, பார்ட்டி இல்ல. சாட்சிகிட்ட சொன்னா ஏழாவது விதி வராது."

"சத்தியமா?"

"ஓம்," என்றாய். உன் வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு வழங்கிய அந்த யாழ்ப்பாணத்துச் சொல், அன்றிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டது. பையிலிருந்து முத்திரைத் தாளை எடுத்து ஒன்றை உரித்து, அவள் கையாலேயே ஒட்ட வைத்தாய். மூவரும் சிரித்தோம். நீ சொன்னதை ஒரு வேடிக்கை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த சனிக்கிழமைகள் எனக்கு ஒன்றைப் போலவே ஒன்று நினைவில் இருக்கின்றன. தர்ஷினியின் துணைப்பாட வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு தேக்காவுக்கு வருவேன். நகைக்கடைக்கு மேல்மாடியிலிருந்த உன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நீ இறங்கி வருவாய். உணவங்காடியில் மேசை பிடித்து உட்கார்ந்தவுடன் முழங்காலைத் தேய்த்துக்கொள்வாய்.

"முட்டி வலிக்குதுடா. நீ போய் நில்லு."

"இங்க பக்கத்துலயே பிராட்டாக் கடை இருக்கே. வரிசையே இல்ல."

"கூட்டம் நிக்கிற கடையிலதான் ருசி. அந்தக் கடைசிக் கடைக்குப் போ."

நான் போய் நிற்பேன். வெயிலும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்த அந்த வரிசை நகரவே நகராது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் இருவரும் தலைகுனிந்து ஏதோ பேசிக்கொண்டிருப்பீர்கள். தட்டுகளோடு வந்து சேரும்போது பேச்சு உணவுக்கு மாறியிருக்கும். உன்னைச் சோம்பேறி என்று நான் திட்டியது பலமுறை.

பிறகு உன் இதயம் நின்றது. முன்னறிவிப்பு ஏதும் தரவில்லை. உன் வாதங்களைப் போலவே சுருக்கமாக முடித்துக்கொண்டாய். மண்டாய் தகனச்சாலைக்கு உன்னைக் கொண்டுபோனபோது தர்ஷினி உமாவின் தோளில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. சில நாள் கழித்து, நான் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த மேசைக்கு வந்தாள்.

"அப்பா, சாட்சி இறந்துட்டா அக்ரிமெண்ட் செல்லுமா?"

"செல்லும்மா. கையெழுத்துப் போட்டப்ப அவர் அங்க இருந்தார்ல, அது போதும். அதுக்கப்புறம் அவர் இருந்தாலும் இல்லாட்டியும் ஒப்பந்தத்துக்கு ஒன்னும் ஆகாது."

"ஒன்னுமே ஆகாதா?"

"ஒன்னுமே ஆகாது."

"ஓ," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். என் பதில் சட்டப்படி சரியானது. இன்று எந்த மேசையில் வைத்துக் கேட்டாலும் அதையே சொல்வேன். பதின்மூன்று வயதில் இவ்வளவு நுட்பமாகக் கேட்கிறாளே, நம் தொழிலுக்கு வருவாளோ என்று அன்றிரவு உமாவிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

அதன் பின் அவள் பேச்சு குறைந்தது. தட்டில் சோறு மீந்தது. பள்ளிச் சீருடையின் மேல், அந்த வெக்கையிலும், முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். உன் பிரிவு என்று நான் நினைத்தேன். வயசு அப்படி என்றாள் உமா. இரண்டும் நியாயமான விளக்கங்கள்தாம். பிள்ளை வளர்ப்பில் என்னை அச்சுறுத்துவது இதுதான்: தவறான விளக்கமும் சரியான விளக்கத்தைப் போலவே அமைதியாக வந்து பொருந்திவிடுகிறது. அவளோ ஒப்பந்தத்தின் ஒரு விதியையும் மீறவில்லை. இரவானால் கைப்பேசி அடுப்பங்கரையில் இருந்தது. இருக்குமிடம் காட்டும் வசதி எப்போதும் திறந்தே இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு பிற்பகல், அலுவலகத்தில் ஒரு தம்பதிக்கு வீட்டுப் பத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசித் திரையில் தர்ஷினி என்னும் பச்சைப் புள்ளி கண்ணில் பட்டது. அது தெம்பனிஸில் இல்லை. நகரைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. அழைத்தேன்; எடுக்கவில்லை. புள்ளி ஜூரோங் ஈஸ்ட்டில் சற்று நின்று வடக்கே திரும்பியது. சுவா சூ காங்கில் உன் வீட்டுக்குத்தான் போகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. எதற்காக என்று விளங்கவில்லை. அங்கே நீ இல்லையே.

தம்பதியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குச் சில அடி துல்லியமாகத் தெரிந்தது. எப்படி இருக்கிறாள் என்பது தெரியவில்லை.

உன் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த அந்தக் கல்மேசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பை மடியில். என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

"மாமா வீட்டு ஜன்னல்ல யாரோ பச்சைத் துண்டு காயப் போட்டிருக்காங்க," என்றாள்.

அண்ணாந்து பார்த்தேன். உண்மைதான். உன் வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். சொல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது ஐந்தாவது விதி. அது என் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது நீ உன் வழக்குகளைப் பற்றி, பெற்றோர் பிரியும்போது நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி, எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. "பிள்ளைகிட்ட கேள்வி கேக்காதடா. பக்கத்துல உக்காரு. கேள்வி கேட்டா பதில்தான் வரும்."

எதிர்க்கல்லில் உட்காரப் போனவன், மாறிப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். கேட்காமலிருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். ஒரு பூனை வந்து என் காலணியை முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒரு மாது கோழிச்சோற்றுப் பொட்டலத்தோடு மின்தூக்கிக்குப் போனார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இரைச்சலாகக் கடந்து போனார்கள். அவர்கள் போகும்வரை தர்ஷினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, லாயர்கிட்ட கேக்கிற மாதிரி ஒன்னு கேக்கவா?"

"கேளும்மா."

"சாட்சி இல்லாம போயிட்டா, வேற சாட்சி வெச்சுக்கலாமா?"

அன்று என் மேசைக்கு வந்து அவள் கேட்டதும் இதைத்தான். நான் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"மாமாகிட்ட சொன்னா ஏழாவது விதி வராது," என்றாள். "இப்ப யார்கிட்ட சொன்னாலும் வரும். டீச்சர்கிட்ட சொன்னா டீச்சர் உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏழாவது விதி இல்ல," என்றேன். "இப்பவே எடுத்துட்டேன்."

"எழுத்துல எடுக்கணும்ப்பா. வாய்ல சொன்னா செல்லாதுன்னு எழுதியிருக்கீங்க."

அப்படித்தான் எழுதியிருந்தேன். சட்டைப் பையில் பேனா இருந்தது; தாள் இல்லை. அவளுடைய கணிதப் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில், ஏழாவது விதி நீக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் படித்தாள், மடித்தாள், பையில் வைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

இனி எழுதுவது அவள் வாய்மொழி. வகுப்பில் கண்ணயர்ந்த அவளை யாரோ படமெடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, கறுப்பாக்கி, ஸ்டிக்கராகச் செய்து வகுப்புக் குரூப்பில் போட்டார்கள். 'லைட்டைப் போடுங்க, ஆள் தெரியல' என்பது அதன் கீழ்வரி. யார் எது சொன்னாலும் பதிலுக்கு அதைப் போட்டுச் சிரித்தார்கள். முதலில் அவளும் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிவைத்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகும் என்று நினைத்தாளாம்.

"குரூப்பை விட்டு வெளியே வந்திருக்கலாமேம்மா."

"வந்துட்டா என்ன சொல்றாங்கன்னே தெரியாதுல்ல. போன் போயிட்டாலும் அப்படித்தான். அவங்க சிரிச்சுட்டேதான் இருப்பாங்க. எனக்கு மட்டும் தெரியாது."

முழுக்கைச் சட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் கைப்பகுதியை இன்னும் கீழே இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். அவளுக்கு என் நிறம். அது உனக்கும் தெரியும்.

திரும்பி வரும் ரயிலில்தான் சனிக்கிழமைகளைப் பற்றியும் சொன்னாள். தோழி பேசாமல் போனது, தமிழ்ச் சோதனையில் குறைந்த மதிப்பெண், ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் பயந்தது என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை உன்னிடம் கொட்டியிருக்கிறாள். உன் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். "நீங்க சின்ன வரிசைக்குப் போனா சீக்கிரம் வந்துடுவீங்கன்னு மாமா சொல்வாங்க."

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று, பல ஒன்றுகள், உனக்குத் தெரிந்திருந்தன. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது விபரீதமாகியிருந்தால்? தகப்பனுக்குத் தெரிய வேண்டியதை மறைக்க ஒரு நண்பனுக்கு என்ன உரிமை? தெம்பனிஸ் வரும்வரை உன்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டே வந்தேன். கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"ரொம்பப் பெரிய விஷயமா இருந்தா மாமா என்ன செய்வேன்னு சொன்னாரு?"

"உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அப்பாகிட்ட சொல்வேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்னு சொன்னாங்க. முதல் நாளே சொல்லிட்டாங்க."

நான் எழுதியதைவிட நல்ல விதி. வாயால் சொல்லப்பட்டது, ஆனாலும் அவள் அதை நம்பினாள்.

வீட்டில் உமா பொரிந்து தள்ளினாள். "முதல்ல அந்தப் போனைத் தூக்கிப் போடுங்க. நான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேன்." அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வாங்கிக் கொடுக்காமலே இருந்திருந்தால் அந்தப் படம் தர்ஷினி கண்ணில் படாமல் போயிருக்கும். ஆனால் அது உருவாகாமல் இருந்திருக்காது. பள்ளியோடு பேசினோம். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளைகளையும் பெற்றோர்களையும் அழைத்துப் பேசினார். குரூப்பிலிருந்து படம் நீக்கப்பட்டது. யார் யார் கைப்பேசியில் இன்னும் இருக்கிறதோ, அதை நீக்க எந்த ஆணையாலும் முடியாது. ஓரிருவர் மன்னிப்புக் கேட்டார்கள். தர்ஷினி இன்னும் சில நாள்களில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே நான் உறுதி கூற இயலாது.

புதிய சாட்சி யார் என்னும் கேள்வி நின்றது. நானே இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு தரப்பானவன் தன் கையெழுத்துக்குத் தானே சாட்சியாக முடியாது. இந்தச் சட்டம் என்னைச் சுட்டது. பிள்ளைக்கு என்னைத் தவிர வேறொருவர் வேண்டும் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. தீர்வைச் சொன்னவள் தர்ஷினி.

"அம்மா இதுல கையெழுத்துப் போடல. அன்னைக்கு அம்மா வேலையில இருந்தாங்க."

"நானா?" என்றாள் உமா. "என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமாடி?"

"அதான் கஷ்டம்," என்றாள் தர்ஷினி. பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்று பார்த்தேன்.

உமா பணிநேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கினாள். சென்ற சனிக்கிழமை மூவரும் தேக்காவுக்குப் போனோம். உன் அலுவலகத்தின் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டார்கள்; ஆணி அடித்த துளைகள் மட்டும் இருக்கின்றன. நாம் வழக்கமாக உட்காரும் மேசை கிடைத்தது. தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிறகு உமா தானாகவே எழுந்து மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

"முட்டி வலிக்குது. நீங்க போய் நில்லுங்க," என்றாள் உமா. யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துக் கடையில் ஆளே இல்லை. அதைத் தாண்டி, கடைசிக் கடைக்குப் போய் வரிசையின் முடிவில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர் அவசரமாக வந்தார். "முன்னாடி போங்கண்ணே," என்று வழிவிட்டேன். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, ஒருமுறை பார்த்தேன். இரண்டு தலைகளும் குனிந்திருந்தன. உமாவின் வாய் மூடியிருந்தது. அது எவ்வளவு பெரிய முயற்சி என்பது எனக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடு வாழப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான்: என் பிள்ளைக்காக நான் நிற்கவேண்டிய இடம், சில வேளைகளில், அவள் பேச்சு எட்டாத ஒரு வரிசையின் கடைசி.

முத்திரையைப் புதுப் பசையிட்டு மீண்டும் ஒட்டிவிட்டேன். "நேரா இருக்கா?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"ஓம்," என்றாள்.

மேற்கூறியவை நான் அறிந்தவரை உண்மை.

ஒப்பம்: செல்வகணபதி

சாட்சிகள்:
உமா (படிக்கவில்லை, கையெழுத்திடும்போது உடனிருந்தார்)
தர்ஷினி (படித்தார், ஓரிடத்தைத் திருத்தச் சொன்னார், திருத்தப்பட்டது)